நாற்பத்திரண்டு நாள் வருகை

பத்து மணிக்கு இரண்டாவது மணி அடித்தபோது தவமணி பதினான்காம் அறையில் முப்பத்திரண்டு பேருக்கும் வினாத்தாளைக் கொடுத்து முடித்திருந்தாள். இனி ஒரு மணி வரைக்கும் வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, நடக்கலாம், நிற்கலாம், பார்க்கலாம், உட்காரத்தான் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, சன்னலுக்கு வெளியே அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பதுகூட நல்லதில்லை, பறக்கும் படை வந்தால் கேள்வி கேட்பார்கள். மனசை மட்டும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி மேய விடலாம், அதை யாரும் கேட்க முடியாது, ஆனால் இன்றைக்கு அது மேய மாட்டேன் என்று ஒரே முளையைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு மணி. இரண்டு மணிக்கு முதல்வர் அறைக்கு அடுத்த அறையில் மண்டல அலுவலகத்திலிருந்து வரும் அதிகாரி உட்கார்ந்திருப்பார், இந்தக் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர்கள் ஏழு பேரும் எதிரே உட்காருவார்கள், சங்கம் கொடுத்த மனுவிலிருக்கும் மூன்று கோரிக்கைகளையும் அவர் ஒவ்வொன்றாக வாசித்து யாருக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்பார். நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் அதே வகுப்பை எடுக்கிறவர்களுக்கு அவர்களுடைய சம்பளத்தில் பாதியாவது வேண்டும் என்பது முதல் கோரிக்கை, விடைத்தாள் திருத்துகிற மே மாதத்துக்கும் சம்பளம் வேண்டும் என்பது இரண்டாவது, இரண்டும் சென்னையில் முடிவாக வேண்டியவை, இவர் எழுதிக்கொண்டு போவார், அவ்வளவுதான். மூன்றாவது மகப்பேறு விடுப்பு. அது ஒன்றைத்தான் இவர் மனது வைத்தால் பரிந்துரை செய்யலாம், எனக்கு இப்படி நடந்தது என்று ஒரே ஒருத்தர் சொல்லி எழுத்திலும் கொடுத்தால் போதும் என்று சங்கத்துச் செயலாளர் போனில் சொல்லியிருந்தார். ஆனால் கல்லூரி அலுவலகம் முந்திக்கொண்டு போன வாரமே பதில் அனுப்பிவிட்டது. அதன் நகலைப் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. "இக்கல்லூரியில் பணிபுரியும் கௌரவ விரிவுரையாளர் எவரும் இதுநாள்வரை மகப்பேறு காரணமாக விடுப்பு கோரியதில்லை, வருகைப் பதிவேடுகளின்படி அக்காரணத்தால் எவரும் பணிக்கு வராமல் இருந்ததுமில்லை, எனவே இக்கோரிக்கைக்கு முகாந்திரம் இல்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." பதிவேட்டைப் புரட்டினால் அப்படித்தான் இருக்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் நவம்பர் பதினேழாம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு அரசு மருத்துவமனையில் தவமணிக்கு மகள் பிறந்தாள். அதே நவம்பர் பதினேழாம் தேதி முற்பகலும் பிற்பகலும் தவமணி கல்லூரிக்கு வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது.

அவள் முதல் வரிசையிலிருந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். அனுமதிச் சீட்டைப் பார், முகத்தைப் பார், பதிவு எண்ணைச் சரிபார், விடைத்தாளின் முதல் பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்தைப் போடு, அடுத்த பெஞ்சுக்குப் போ. பி.காம். மூன்றாம் ஆண்டு, வருமான வரி. அவளுடைய பாடம் வேதியியல், அதனால்தான் இந்த அறைக்குப் போட்டிருக்கிறார்கள், பாடம் தெரியாதவர் நின்றால் விடை சொல்லித் தர முடியாதாம். மிச்சமிருந்த வினாத்தாளை ஒருமுறை பார்த்தாள். ஒருவர் கல்லூரியில் வேலை பார்க்கிறார், அவருடைய அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, அகவிலைப்படி இவ்வளவு, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி, வைப்பு நிதி, அத்தனையும் வரிசையாகக் கொடுத்து வரி எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். நல்ல மனுஷர், நன்றாக இருக்கட்டும். தவமணிக்கு வருவது தொகுப்பூதியம், அதில் அகவிலையும் கிடையாது, வாடகையும் கிடையாது, காய்ச்சல் வந்து ஒரு நாள் படுத்தால் அந்த நாளும் கிடையாது. அதைப் பற்றிப் புலம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை, புலம்பவும் அவளுக்கு வாயில்லை, ஏனென்றால் இந்தக் கல்லூரி அவளுக்குத் தந்தது அதைவிடப் பெரியது, கல்லூரி என்றால் கட்டிடமும் அலுவலகமும் இல்லை, ஆட்கள். ஜெசிந்தா அக்கா. நூர்தீன் சார். அப்போது துறைத்தலைவராக இருந்த ஆவுடையப்பன் சார். அந்த மூன்று பேரும் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த அறையில் நின்று யாரோ ஒருவருடைய வருமான வரியைப் பற்றி யோசிக்கிற கொடுப்பினைகூட அவளுக்கு இருந்திருக்காது. நான்காவது பெஞ்சில் ஒரு பெண் அனுமதிச் சீட்டை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்தாள், வியர்வையில் நனைந்து போட்டோவில் முகம் பாதி அழிந்திருந்தது, பரவாயில்லை, இருக்கிற பாதி அவள்தான் என்று தவமணி போட்டுவிட்டாள்.

ஏழாவது மாத வயிற்றோடு அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போய் நின்றது ஞாபகம் வந்தது. எல்லாரும் அவரைச் சூப்பிரண்டு என்பார்கள், இப்போதும் அவர்தான் இருக்கிறார், பழைய கோப்புகளைப் போல அவரும் அந்த அறையிலேயே தங்கிவிட்டார். கோபக்காரர் இல்லை, சிரித்த முகம்தான், அதுதான் கஷ்டம். அப்படி ஒரு லீவே ஒங்க ஆர்டர்ல இல்லையேம்மா என்றார். நாங்க கெட்டவங்க இல்லம்மா, எடம் காலியாக் கெடந்தா வேற ஆளப் போடச் சொல்லி ரூலு, போட்டுட்டா அப்புறம் எடுக்க முடியாதுல்ல என்றார். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே, கொஞ்சம் பிளான் பண்ணி மே மாசத்துல பெத்துக்கிட்டிருக்கலாம்ல, மே மாசம் ஒங்களுக்கு எப்படியும் சம்பளம் இல்ல, யாருக்கும் தொந்தரவில்ல என்று சொல்லிச் சிரித்தார், அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தோம் என்று பதினோரு வருடமாக யோசிக்கிறாள். எதிரில் இருப்பவர் சிரித்தால் சிரித்துவிடுகிற வியாதி ஒன்று இந்த வேலையோடு சேர்ந்து வருகிறது, ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற ஆளுக்கு முகம் தன் கையில் இருப்பதில்லை. துறைக்கு வந்து ஆய்வகத்தில் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா அக்கா வந்து, என்ன புள்ள சொன்னாரு அந்தாளு என்று கேட்டாள், தவமணி சொன்னாள், சொல்லும்போது அழவில்லை, ஜெசிந்தாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே அவளும் நூர்தீன் சாரும் உட்கார்ந்து கால அட்டவணையைப் பிரித்துப் பங்கு போட்டுவிட்டார்கள், முதல் வருடத்துக் கனிம வேதியியல் ஜெசிந்தாவுக்கு, செய்முறை வகுப்பு இரண்டும் நூர்தீன் சாருக்கு, தங்கள் வகுப்புகளுக்கு மேலே அதையும் எடுத்தார்கள். கௌரவ விரிவுரையாளர்களுக்கு என்று தனியாக ஒரு நீள நோட்டு, நிரந்தரக்காரர்களின் பதிவேட்டோடு சேராமல் சூப்பிரண்டு மேசையின் ஓரத்தில் கிடக்கும், காலையில் ஒரு கையெழுத்து, மதியம் ஒரு கையெழுத்து. அவர் டீக்குப் போகிற நேரம் பார்த்து ஜெசிந்தா தன் பெயருக்கும் தவமணி பெயருக்கும் போட்டாள். வேலை நாள் கணக்கில் நாற்பத்திரண்டு நாள்.

ஆவுடையப்பன் சாருக்குத் தெரியாமல் இல்லை. தினமும் காலையில், தவமணி வந்தாச்சா என்று கேட்பாராம், லேப்ல இருக்கா சார் என்று ஜெசிந்தா சொல்வாளாம், சரி சரி என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாராம். குழந்தை பிறந்த நான்காம் நாள், லேப்ல இருக்குற தவமணிகிட்ட சொல்லும்மா, பச்சை ஒடம்பு, படியேற வேணாம்னு என்றாராம். அதை ஜெசிந்தா வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டியபோது தையல் பிரிந்துவிடும் என்று பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இப்போதும் அடிவயிற்றில் இருக்கிறது. பிள்ளைகளும்தான். மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை, திரும்பி வந்த அன்று கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸில் ஒரு தொட்டில் வரைந்து வைத்திருந்தார்கள், அவள் அதை அழிக்காமல் ஓரத்தில் எழுதியே அந்த வகுப்பை முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெசிந்தா தூக்குவாளியில் சுறாப்புட்டு கொண்டுவருவாள், பால் ஊறும், முகத்தச் சுழிக்காம சாப்புடு என்பாள், ஆறு ஞாயிறு, ஒன்றுகூடத் தவறவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் மகளைத் தூக்கும்போதெல்லாம், பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அம்மை போட்டுக் கிடந்தபோது, போன மாதம் சைக்கிள் ஓட்டப் பழகி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோது, நன்றி என்று ஒன்று நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கு ஜெசிந்தாவின் முகம்தான் இருக்கும். அந்த நன்றியை அவள் காட்டிய விதம் ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேருக்கு இதே மாதிரி நடந்தது, ஒரு தடவை வரலாற்றுத் துறைப் பெண்ணுக்குத் தவமணியே முப்பது நாள் போட்டாள், சந்தோஷமாகத்தான் போட்டாள், தான் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த நிம்மதி இருந்தது. இப்போது அத்தனை கையெழுத்தும் சேர்ந்து, இந்தக் கல்லூரியில் யாருமே பிள்ளை பெறவில்லை என்று சாட்சி சொல்கிறது.

எதிர்வரிசைக் கட்டிடத்தின் பத்தாம் அறை சன்னலில் சுகந்தி தெரிந்தாள். கணிதத் துறை, வேலைக்கு வந்து இரண்டு வருடம், இப்போது ஏழரை மாதம், ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள், நடந்தாள் என்பதைவிட ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்துக் கடந்தாள் என்று சொல்லலாம். அவளுக்கு நாள் குறித்திருப்பது ஜூன் நடுவில். கல்லூரி திறக்கிற நேரம், நேரில் வந்து விண்ணப்பம் கொடுத்துச் சேர வேண்டிய நேரம். அந்தப் பெண்ணுக்காகத்தான் மூன்றாவது கோரிக்கையையே மனுவில் சேர்த்தார்கள், ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால் வெயிலில் குடை பிடித்துத் தர்ணா உட்கார்ந்த அன்றைக்குத் தவமணிதான் சொல்லிச் சேர்க்க வைத்தாள். சொன்னால் என்ன ஆகும். அன்றைக்கு நான் வரவில்லை என்று சொன்னால், அப்படியானால் கையெழுத்துப் போட்டது யார் என்பது அடுத்த கேள்வி. நூர்தீன் சார் ஓமன் போய் எட்டு வருடம் ஆகிறது, அவரை ஒன்றும் செய்ய முடியாது, ஆவுடையப்பன் சார் ஓய்வுபெற்றுவிட்டார். ஜெசிந்தா இருக்கிறாள். பதினாறு வருடமாக இருக்கிறாள், இந்த ஜூனிலும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப்போகிறாள், பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால் அந்த விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். சொல்லாவிட்டால் என்ன ஆகும். சுகந்தி ஜூன் பதினைந்தாம் தேதி வலியோடு வரிசையில் நிற்பாள், இல்லாவிட்டால் நிற்க மாட்டாள், அந்த இடத்துக்கு வேறு ஆள் வரும். சுறாப்புட்டு கொண்டுவந்த கையை நான் காட்டிக்கொடுப்பதா. காட்டிக்கொடுக்காமல் இருந்தால் அந்தக் கை செய்த நல்லதெல்லாம் சூப்பிரண்டுக்குச் சாட்சியாகப் போகிறதே. ஆக மறுபடி இரண்டு மணி, மறுபடி முளை, அவள் கடைசி வரிசை வரைக்கும் நடந்து சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். மின்விசிறி நின்றிருந்தது. எந்த நேரத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு ஜெசிந்தாவே வந்தாள். இன்றைக்கு அவளுக்கு ரிலீவர் வேலை, அறை அறையாகப் போய்ப் பத்து நிமிடம் நின்று, அறைக்காரரை டீ குடிக்க அனுப்ப வேண்டும். கழுத்தைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றாள். ஐம்பது வயது, கடற்கரை ஊர்க்காரி, கிசுகிசுப்பதுகூடச் சத்தமாகத்தான் வரும்.

"போ, போயி டீயக் குடி. வடை ரெண்டுதான் கெடக்கு, ஒண்ண சுகந்திக்கு எடுத்து வச்சிட்டேன்."

"எனக்கு வேணாங்க்கா."

"வேணாங்காத. மொகமே சரியில்ல ஒனக்கு."

தவமணி போகவில்லை. மேசைக்குப் பக்கத்தில் இருவரும் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றார்கள், அப்படி நின்றால்தான் பேசுவது தெரியாது.

"அக்கா, ரெண்டு மணிக்கு அந்த அதிகாரி பழைய நோட்டெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிருக்காராம்."

"வைக்கட்டும்."

"நான் சொல்லிரலாம்னு பாக்குறேன்."

கூடுதல் தாள் கேட்டு நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஜெசிந்தா போய்க் கொடுத்து, எண்ணைக் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, தேவைக்கு அதிகமாகவே அங்கே நின்றுவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தாள்.

"மாசாமாசம் கோயில்ல சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணுறேன் தவமணி. என்னென்னமோ சொல்லிருக்கேன், மாமியாரத் திட்டுனது வரைக்கும். இத மட்டும் சொன்னதே இல்ல. பாவம்னு நெனச்சாத்தான சொல்ல."

"பாவம்னு நானும் சொல்லலையேக்கா."

"நீ சொல்ல மாட்ட. அவுக சொல்லுவாக." கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகினாள். "ஜூன்ல என்னயச் சேத்துக்கலன்னா இந்த வயசுல எவன் எடுப்பான். மகன் ரெண்டாம் வருசம் படிக்கிறான். எனக்குப் பயமாருக்கு புள்ள. நீ சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன், சொல்லுன்னும் சொல்ல மாட்டேன். பயமாருக்குன்னு மட்டும் சொல்றேன்." அப்புறம் வழக்கமான குரலில், "போ, டீ ஆறிரும்" என்றாள்.

தவமணி போய் டீயைக் குடித்தாள். வடை எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது ஜெசிந்தா அடுத்த அறைக்குப் போய்விட்டாள், போகும்போது தோளில் லேசாகத் தட்டினாள், அந்தத் தட்டலில் என்ன இருந்தது என்று அடுத்த ஒரு மணி நேரமும் யோசிக்கலாம். யோசித்தாள். ஜெசிந்தா அக்கா பயம் என்று சொல்லி இதுவரை கேட்டதில்லை, புயல் வந்து அவள் வீட்டு ஓடெல்லாம் பறந்தபோதுகூட, நல்லதாப் போச்சு, வெளிச்சம் வருது என்றவள். அப்படிப்பட்டவளைப் பயப்பட வைத்துவிட்டோமே என்று தவமணிக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்ததும் முடிவும் வந்தது, சொல்ல வேண்டாம். அவ்வளவுதான். மகப்பேறு விடுப்பு சங்கத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், வேறு கல்லூரியில் யாராவது சொல்வார்கள், தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவள் நான் ஒருத்திதானா. நன்றி கெட்டவள் என்ற பெயரோடு ஒரு நல்ல காரியம் செய்வதைவிட நன்றியோடு ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல். முடிவெடுத்தவுடன் உடம்பு லேசாக வேண்டும், ஆகவில்லை. நன்றியை இப்படி எடைபோட்டுப் பார்த்தது அவளுக்கே பிடிக்கவில்லை. நாற்பத்திரண்டு நாள் எதற்காக ஜெசிந்தா தொண்டை வறள இரண்டு பேர் வேலையைப் பார்த்தாள், தவமணி பிழைக்க வேண்டும் என்று, தவமணியின் வாயை அடைக்க இல்லை. சரி, அதனால் சொல்லலாமா. சொன்னால் அவள் பிழைப்பு போகும். பிறகு மறுபடியும் சுவர், மறுபடியும் திரும்பல். முதல் பெஞ்சில் ஒருத்தி கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு விரலால் எண்ண ஆரம்பித்திருந்தாள், பாவம், அந்தச் சம்பளக்காரருக்குப் படிகள் அவ்வளவு அதிகம். பன்னிரண்டே முக்காலுக்கு எச்சரிக்கை மணி அடித்தது, எல்லாரும் நூல் கட்டினார்கள், கடைசிப் பக்கங்களில் பேனாக்கள் ஓடின. ஒரு மணிக்குத் தாள்களை வாங்கி வரிசைப்படி அடுக்கி, இரண்டு தடவை எண்ணி, முப்பத்திரண்டு இருக்கிறது என்று எழுதி, கட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

வராந்தாத் திருப்பத்தில் சுகந்தி தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். கால் இரண்டும் வீங்கி செருப்பு வாரை மூடியிருந்தது. தவமணியைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தாள்.

"தவமணிக்கா, ஒரு உதவி கேக்கணும். ஜெசிந்தாக்காகிட்டத்தான் மொத கேட்டேன், ஒங்ககிட்டக் கேக்கச் சொல்லிட்டாக."

ஒரு தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள், பிரித்துக் காட்டினாள். அவளுடைய கையெழுத்தைப் பத்துத் தடவை வரிசையாக எழுதியிருந்தாள், ஒன்றின் கீழ் ஒன்றாக, குழந்தைகள் நோட்டில் எழுதுவார்களே, அது மாதிரி.

"பெரிசா ஒண்ணும் இல்லக்கா, சுலபமாத்தான் இருக்கும். கடைசில மட்டும் ஒரு கோடு இழுப்பேன். ஜூன்லருந்து ஒரு நாப்பது நாளு. வகுப்ப ரெண்டு பேரு பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாக."

இது நடக்கிற காரியம் என்று சுகந்திக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் தவமணியை நிறுத்தியது. பத்துக் கையெழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விடைத்தாள் கட்டின்மேல் தாமாகவே அந்தக் கோட்டை இழுத்துப் பார்த்தன, கைக்கு அதற்குள் பாடமாகிவிட்டது. நல்ல கை, உதவுகிற கை. இந்தப் பெண்ணுக்கு மகள் பிறப்பாள், இவளும் நன்றியோடு இருப்பாள், பதினோரு வருடம் வாயைத் திறக்க மாட்டாள், அப்புறம் இன்னொருத்தி இப்படி ஒரு தாளோடு வந்து இவள் முன்னால் நிற்பாள், அப்போதும் அலுவலகம் எவரும் கோரியதில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்ளும். மனுவில் விடுப்பு இருந்தும் அது வரும் என்று இவள் எதிர்பார்க்கவே இல்லையே. எதிர்பார்க்காமல் வைத்தது யார்.

"நான் போட மாட்டேன் சுகந்தி," என்றாள்.

சுகந்தியின் முகம் விழுந்துவிட்டது. தாளை மடிக்கக்கூடக் கை வரவில்லை. "தப்பாக் கேட்டுட்டேனாக்கா?"

"தப்பில்லத்தா. சாப்ட்டுட்டு ரெண்டு மணிக்கு வந்துரு. என் பக்கத்துல ஒக்காரு."

இரண்டு மணிக்கு உள்ளே போனபோது அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். கெட்டவராகத் தெரியவில்லை, பசித்தவராகத் தெரிந்தார். பக்கத்தில் சூப்பிரண்டு, மேசையில் பழைய நீள நோட்டுகள் சணல் கயிற்றில் கட்டி, மேல் நோட்டின் ஓரத்தை எலி தின்றிருந்தது. ஏழு பேரும் உட்கார்ந்தார்கள், ஜெசிந்தா கதவோரத்து நாற்காலியில், தவமணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முதல் கோரிக்கையைப் பற்றி அரை மணி நேரம் பேச்சு நடந்தது, இரண்டாவதைப் பற்றிப் பத்து நிமிடம், எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள், அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தவமணியின் காதில் பாதிதான் விழுந்தது. மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சாப்பாட்டு நேரத்தில் கண்டுபிடித்த வாக்கியம், சோறு இறங்காமல் டப்பாவை மூடியபோது தானாக வந்தது. அது பொய்தான், ஆனால் அதில் மாட்டிக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான்.

"மூணாவது, மகப்பேறு விடுப்பு. யாரும் கேட்டதில்லன்னு அலுவலகம் எழுதிருக்கு. யாருக்காவது சொல்ல இருக்கா?"

"நான் கேட்டேன் சார்," என்றாள் தவமணி. எழுந்து நின்றுவிட்டாள், உட்காருங்க என்று அவர் சொன்னது காதில் விழவில்லை. "வாயாலதான் கேட்டேன். இல்லன்னு சொல்லிட்டாக."

சூப்பிரண்டு சிரித்தார். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. எந்த வருடம், எந்த மாதம் என்று அதிகாரி கேட்டார், சொன்னாள், கயிறு அவிழ்ந்தது, பக்கங்கள் திரும்பின, அவருடைய விரல் மேலிருந்து கீழே வந்து ஓரிடத்தில் நின்றது.

"பதினேழாம் தேதி ரெண்டு நேரமும் நீங்க வந்திருக்கீங்களே."

"வரல சார். அன்னைக்குத்தான் எனக்குப் பிரசவம். மகளோட பிறப்புச் சான்றிதழ் கொண்டாந்திருக்கேன்." காலையில் கிளம்பும்போதே பைக்குள் வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிச் சான்றிதழையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கையெழுத்து?"

வாக்கியம் தயாராக இருந்தது, பக்கத்தில் சுகந்தி மூச்சுவிடுவது கேட்டது, வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே மாட்டேன் என்றது.

"நாந்தான் சார். திரும்பி வந்ததுக்கப்புறம் மொத்தமாப் போட்டுக்கிட்டேன். யாருக்கும் தெரியாது."

அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். இது உங்களுக்கு எதிராகப் போகும், தெரியுமில்லையா என்றார். தெரியும் சார் என்றாள். தெரிந்துதான் இருந்தது, பதின்மூன்று வருட வேலை, கணவன் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன், அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள், எல்லாம் தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் ஆச்சரியமாக உடம்பு லேசாகிவிட்டது, காலையிலிருந்து ஆகாதது. அவர் முதல் வரியை எழுதத் தொடங்கினார். அப்போது கதவோரத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சார், அத எழுதாதீங்க," என்றாள் ஜெசிந்தா.

அவள் நடந்து மேசை வரைக்கும் வந்தாள், நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். குரல் நடுங்கியது, அதை அவள் மறைக்கவில்லை.

"இது என் கையெழுத்து. அவளுக்கு இம்புட்டு அழகா வராது."

சூப்பிரண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு அவளுடைய பெயரைக் கேட்டார்.

"ஜெசிந்தா மேரி. வேதியியல், பதினாறு வருசம். நாப்பத்திரண்டு நாளும் நாந்தான் போட்டேன் சார், எழுதிக்கோங்க. நாப்பத்திரண்டு நாளும் இவ வரல. பிள்ளையப் பெத்து வீட்டுல இருந்தா. நான் சாட்சி."